கேஸ் ஷீட்டுக்கும் உண்டா டிரான்ஸ்ஃபர்?

கோர் பேங்கிங் வந்த பிறகு திருச்சியில் ஆரம்பித்த கணக்கில் புணேயில் பணம் எடுக்கிறோம். ஆனால் ஊர் ஊராக மாற்றலாகிப் போகும் நம் குடும்பங்களின் மருத்துவக் குறிப்புகள் இன்னமும் பிளாஸ்டிக் பையில்தான் பயணம் செய்கின்றன. இத்தனைக்கும் சில வங்கி மென்பொருட்களுக்குத் தாய்வீடே ஒரு மருத்துவமனைதான்!

1966-67ல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நீல் பப்பலார்டோவும் சகாக்களும் ஒரு கணினி மொழியை உருவாக்கினார்கள். பெயர் மும்ப்ஸ். (பொன்னுக்குவீங்கி இல்லை, பெயர்ச்சுருக்கம்தான் :-)) ஒரே கணினியில் பலர் ஒரே சமயத்தில் நோயாளிகளின் குறிப்புகளை எழுதவும் தேடவும் முடிந்தது. பின்னாளில் சில கோர் பேங்கிங் மென்பொருட்களும் இதில் எழுதப்பட்டன.

அடுத்த கதை இன்னும் சுவாரசியம். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் சில ஊழியர்கள் 1970களின் இறுதியில் மும்ப்ஸில் சின்னச் சின்ன நிரல்கள் எழுதினார்கள். தலைமையகத்துக்குப் பிடிக்கவில்லை. இயந்திரங்கள் பறிமுதல் ஆயின, சிலருக்கு வேலை போனது. மற்றவர்கள் ரகசியமாகத் தொடர்ந்தார்கள். 1982ல் தலைமையே இறங்கி வந்து அங்கீகரித்தது. விஸ்டா என்று பின்னர் பெயர் பெற்றது இதுதான்.

1992ல் டொபீகா நகர நர்ஸ் சூ கின்னிக், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது ஊழியர் பார்கோடை ஸ்கேன் செய்வதைப் பார்த்தார். காருக்குச் செய்வதை நோயாளிக்குச் செய்தால் என்ன என்று கேட்டார். மாத்திரையையும் நோயாளியின் கைப்பட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்தே மருந்து தரும் முறை அப்படித்தான் பிறந்தது.

உண்மையான பரீட்சை 2005 ஆகஸ்டில் வந்தது. கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியது. பல மருத்துவமனைகளின் காகித ஃபைல்கள் நீரோடு போயின. படைவீரர்களின் குறிப்புகளோ நகல் நாடாக்களில் ஹூஸ்டன் போய், சில நாட்களில் வேறு ஊர் டாக்டர்களின் திரைக்கு வந்துவிட்டன.

அங்கே எல்லா மருத்துவமனைக்கும் ஒரே முதலாளி. நம் நாட்டில் ஆளுக்கொரு முதலாளி. அதனால்தான் 2021 செப்டம்பரில் நாடெங்கும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில், குறிப்புகள் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். நோயாளிக்கு 14 இலக்க எண். அவர் சம்மதித்தால் மட்டுமே பகிர்வு. கணினி என்றால் ஆபத்தே இல்லை என்றில்லை. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸில் இணையத் தாக்குதல் நடந்து, பல நாட்கள் எல்லாம் கையெழுத்து வேலையானது. எனவே கத்ரீனா சொன்ன பாடத்தை மறக்கக் கூடாது: நகல் வேறிடத்தில் பத்திரமாக இருக்க வேண்டும்.

ஊரில் தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்கு நள்ளிரவில் ஏதாவது என்றால், அவர்களுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று டாக்டருக்கு யார் சொல்வது? உங்கள் வீட்டுக் கேஸ் ஷீட் இப்போது எந்த ஊரில் இருக்கிறது?