மூளை ரத்தக்கசிவும் உறைவூட்டும் மருந்துகளும்: மும்பையிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

2005, 2006 ஆண்டுகளில் மும்பையின் எச் வார்டில், அதாவது பாந்த்ரா, கார், சாந்தாகுரூஸ் வட்டாரத்தில், மருத்துவர் பி. எம். தலால் குழுவினர் பக்கவாத நோயாளிகளைப் பதிவு செய்தார்கள். முதன்முறை பக்கவாதம் கண்டவர்கள் 456 பேர். அவர்களில் 366 பேருக்கு ரத்தக்குழாய் அடைப்பு, 81 பேருக்கு ரத்தக்கசிவு. ஒன்பது பேருக்கு வகை தெரியவில்லை. மித்தி ஆற்றின் மறுகரையில் இருக்கும் தாராவி அந்தப் பதிவேட்டில் சேரவில்லை. ஆனாலும் உறைவூட்டும் மருந்துகளைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்த எண்களிலிருந்தே தொடங்க வேண்டும் என்று கருதுகிறேன். வாய் கோணுவதும் கை விழுவதும் இரண்டு வகையிலும் ஒன்றுபோலவே இருக்கும். ஸ்கேன் பார்க்காமல் உறைவூட்டும் ஊசியைப் போட்டால், பெரும்பாலும் அது அடைப்பு உள்ளவர் உடம்பில்தான் ஏறும்.

ரத்தக்கசிவை நிறுத்தினால் நோயாளி பிழைப்பார் என்ற நம்பிக்கை இயல்பானது. அதைப் பெரிய அளவில் சோதிக்கப் பயன்பட்ட மருந்து டிரானெக்சாமிக் அமிலம். ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதியர் 1962இல் அறிமுகப்படுத்திய இந்த மருந்து உறைவை உண்டாக்குவதில்லை; உண்டான உறைவு கரையாமல் காக்கிறது. மூளையைச் சுற்றிய உறைக்குள் ரத்தம் கசிந்த 479 பேரிடம் நடந்த ஆய்வு 1984இல் வெளியானது. மறுகசிவு 24 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் ரத்த ஓட்டம் குன்றி மூளைத்திசு பாதிக்கப்படுவது 15இலிருந்து 24 விழுக்காடாக ஏறியது. ஒரு கையால் கொடுத்ததை மறு கை பறித்துக்கொண்டது, இறப்பில் வேறுபாடில்லை. அந்த ஆய்வில் மருந்து நான்கு வாரம் வரை தரப்பட்டது. இந்தக் கால அளவுதான் இங்கே முக்கியம் என்பது என் கணிப்பு. பின்வந்தவர்கள் மருந்தைச் சில மணி நேரங்களுக்குச் சுருக்கியதற்கும் இதில் காரணம் இருக்கிறது.

ஹீமோஃபிலியா நோயாளிகளுக்காக உருவான ஏழாம் காரணி மருந்து வேறு வகை. கிழிந்த இடத்தில் உறைவைப் புதிதாகத் தூண்டிவிடுவது அது. 2005இல் மூளைக்குள் ரத்தம் கசிந்த 399 பேரிடம் நடந்த சோதனையில் இறப்பு 29இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்ததும் மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. 2008இல் 841 பேரிடம் உறுதிசெய்ய முயன்றபோது அந்தப் பலன் நிற்கவில்லை. உயர் அளவில் தரப்பட்டவர்களிடம் ரத்தக்கட்டியின் வளர்ச்சி 26இலிருந்து 11 விழுக்காடாகச் சுருங்கியது உண்மை. ஆனால் இறந்தோரும் கடும் ஊனமுற்றோரும் சேர்ந்து 24 விழுக்காட்டுக்குப் பதில் 29 விழுக்காடு. தமனி அடைப்புகளும் இரட்டிப்புக்கு மேல் ஏறின. ஸ்கேன் படம் நன்றாக இருந்தது. நோயாளிகள் நன்றாக இல்லை.

2018இல் நிக்கோலா ஸ்பிரிக் தலைமையில் 2,325 பேரிடம் நடந்த டிச்-2 ஆய்வு, டிரானெக்சாமிக் அமிலத்தை முதல் எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கிச் சிறிய அளவில் தந்தது. உறைவுச் சிக்கல்கள் கூடவில்லை. ஏழாம் நாளில் இறப்பு 11 விழுக்காட்டுக்குப் பதில் 9 விழுக்காடாக இருந்தது. தொண்ணூறாம் நாளில் அந்த வேறுபாடும் மறைந்தது. இந்தியாவிலும் கொலம்பியாவிலும் தலைக்காயம் பட்ட 270 பேரிடம் இதே மருந்தைச் சோதித்து 2011இல் வெளியான ஆய்வும் தீர்ப்புச் சொல்லப் போதவில்லை. தட்டணு ஏற்றுவது இன்னும் மோசம்: ஆஸ்பிரின் போன்ற மருந்துகளை எடுத்து வந்தவர்களுக்குக் கசிவு ஏற்பட்டபோது அதை ஏற்றியதில் இறப்பும் முடக்கமும் கூடியதை 2016இல் பேட்ச் ஆய்வு காட்டியது.

இவ்வளவுக்கும் நடுவே உறுதியான பலன் வேறு பக்கத்திலிருந்து வந்தது. இந்தியாவும் இலங்கையும் பங்கேற்ற, 7,036 பேர் கொண்ட இன்டராக்ட்-3 ஆய்வு 2023இல் வெளியானது. ரத்த அழுத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் 140க்குக் கீழே இறக்குவது, சர்க்கரையையும் காய்ச்சலையும் கட்டுப்படுத்துவது, உறைவெதிர்ப்பு மாத்திரையின் விளைவை முறிப்பது ஆகியவற்றை ஒன்றாகச் செய்தபோது நோயாளிகளின் நிலை மேம்பட்டது. விலை உயர்ந்த ஊசி எதுவும் இதில் அவசியமில்லை.

தாராவி 90 அடி சாலையிலிருந்து சயான் மருத்துவமனை வரை ஒருவரைக் கொண்டு சேர்க்கவும், ஸ்கேன் முடிக்கவும், அழுத்தத்தை இறக்கவும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று எச் வார்டில் செய்தது போன்ற பதிவு தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வேண்டும். அடுத்த மருந்துச் சோதனைக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன் அதைச் செய்யவேண்டும்.