மணிக்கட்டுக்குள் ஒரு கண்

மணிக்கட்டை ஒட்டி முன்கையின் ஆரை எலும்பு முறிவதை 1814-இல் டப்ளின் அறுவை மருத்துவர் ஆபிரகாம் கோலிஸ் விவரித்தார். எக்ஸ்ரே பிறக்க இன்னும் 81 ஆண்டுகள் இருந்த காலம் அது. கை கோணலாக நின்றாலும் நாளடைவில் வலியின்றி இயங்கும் என்று அவர் நம்பினார். மூட்டுப் பரப்பே பிளந்த முறிவுகளுக்கு அது பொருந்தவில்லை. அப்பரப்பில் 2 மில்லிமீட்டர் மேடுபள்ளம் எஞ்சினாலே பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் வரக்கூடும் என்று 1986-இல் அமெரிக்க மருத்துவர்களான நிர்க்கும் ஜூபிடரும் காட்டினர். இவ்வளவு நுண்ணிய பிசகு எக்ஸ்ரேக்கு எளிதில் தப்பிவிடும்.

அதை நேரே பார்க்கும் வழி ஜப்பானில் தொடங்கியது. 1918-இல் டோக்கியோவில் கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியைச் சடலத்தின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவருடைய மாணவர் மசாகி வதனபே சிறு மூட்டுகளுக்கேற்ற மெல்லிய கருவியை உருவாக்கினார். 1980-களில் அமெரிக்க மருத்துவர்கள் மணிக்கட்டுக்கான முறையை வகுத்தனர்.

விரல்களைக் கண்ணி உறைகளில் மாட்டிக் கையைச் செங்குத்தாகத் தொங்கவிடுவார்கள். மூட்டு சற்றே விரியும். புறங்கைப் பக்கச் சிறு துளை வழியே 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள கேமராக் குழாய் நுழையும். திரையைப் பார்த்தபடியே சில்லுகளை நெம்பிச் சமன்செய்து, கம்பியாலோ தகட்டாலோ பொருத்துவார்கள். கிழிந்த தசைநார்களும் அப்போதே தென்படும். இதுவே இம்முறையின் பெரும்பேறு. ஆனால் மூட்டை விரிக்கச் செலுத்திய உப்புநீர் முறிவு வழியே கசிந்து முன்கையை வீங்கச் செய்தது. ஸ்பெயினின் பிரான்சிஸ்கோ டெல் பின்யால் 2007-இல் நீரில்லாமலேயே செய்யும் முறையை வெளியிட்டு அந்த இடரைக் குறைத்தார்.