ஒளித்துடிப்பின் முகடும் முகப்பும்

1. வாவியிலிருந்து தொடக்கம்

களுதாவளைக்குக் கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. எஞ்சின் தோணி கடந்தபின் வாவியில் விரியும் அலைக்கூட்டத்தில் ஒரேயொரு முகட்டின்மேல் கண்வைத்தால், அது பின்பக்கம் பிறந்து, கூட்டத்தை ஊடறுத்து, முன்விளிம்பில் தேய்ந்து மறைவது தெரியும். ஆழநீர் அலையில் தனிமுகடு கூட்டத்தைவிட இருமடங்கு விரைவாக ஓடும். முகட்டினது அவத்தை வேகம். கூட்டத்தினது கூட்ட வேகம். ஒளிக்கு மூன்றாவதொன்றும் வேண்டும்: முகப்பு வேகம்.

2. ஊடகத்தினுள் துடிப்பு

இலேசர்த் துடிப்பு பல அதிர்வெண்களின் கூட்டு. அவை ஒத்த அவத்தையில் சந்திக்கும் இடமே அதன் முகடு; இந்த முகடு நகர்வது கூட்ட வேகத்தில். அது பொருளன்று, சந்திப்பு. கண்ணாடியில் அதிர்வெண்ணோடு முறிவுச் சுட்டியும் கூடுவதால் சந்திப்பு பிந்துகிறது. அணுக்கள் ஒளியை உறிஞ்சும் அதிர்வெண்ணை அண்டி அந்த ஒழுங்கு தலைகீழாகி, சந்திப்பு முந்துகிறது. கரெட்டும் மக்கம்பரும் 1970-இல் கணித்ததை, ஸ்டீவன் சூவும் வோங்கும் 1982-இல் காலியம் பொசுபைட்டில் காட்டினர்.

3. சீசியம் குடுவை

காலியம் பொசுபைட்டில் உறிஞ்சலால் துடிப்பு பெரிதும் மெலிந்தது. 2000-இல் பிரின்ஸ்டனின் என்.இ.சி. ஆய்வகத்தில் லிஜுன் வாங், குஸ்மிச், டொகாரியு மூவரும் அந்தக் குறையை நீக்கினர். ஒளியைப் பெருக்கும் இரண்டு அதிர்வெண்களுக்கு நடுவே, 6 சென்ரிமீற்றர் சீசியம் ஆவிக்குள், துடிப்பு ஏறக்குறைய உருக்குலையாமல் சென்றது. வெற்றிடத்தில் அந்தத் தூரத்துக்கு 0.2 நானோ செக்கன் போதும். இங்கோ கூட்டச் சுட்டி, அதாவது வெற்றிட ஒளிவேகத்தைக் கூட்ட வேகத்தால் வகுத்தால் வருவது, −310. முகடு நுழையுமுன், 62 நானோ செக்கன் முந்தி, மறுபக்கம் முகடு வெளிவந்தது. பிள்ளை பிறக்குமுன் பேர்வைத்த கதைதான்!

ஆனால் துடிப்பின் நீளம் சில மைக்ரோ செக்கன். முந்தல் அதில் நூற்றில் சில பங்கே. முகடு வருமுன்பே துடிப்பின் முன்கால் குடுவைக்குள் புகுந்துவிட்டது. பம்புக் கதிர்கள் ஊட்டிய அணுக்கள் முன்பகுதிக்குச் சக்தியைக் கடன் கொடுத்து, பின்பகுதியிடம் வசூலித்தன. வெளிவந்த முகடு, முன்காலிலிருந்து புதிதாக எழுந்தது.

4. செய்தி எதில் செல்கிறது

மென்வளைவான துடிப்பில் முன்காலே மிச்சத்தை முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. எதிர்பாராத திருப்பமே புதுச்செய்தி. அந்தத் திருப்பத்தின் முன்விளிம்பான முகப்பு எந்த ஊடகத்திலும் வெற்றிட ஒளிவேகத்தை மிஞ்சாது என்று சொமர்ஃபெல்டும் பிரிலூயனும் 1914-இலேயே காட்டினர்.

முகடு நுழைய 30 நானோ செக்கன் இருக்கையில் துடிப்பைச் சட்டென வெட்டினால்? கோட்பாட்டின்படி, மறுமுனையில் முகடு ஏற்கெனவே வந்து போயிருக்கும். உள்ளே நுழையாத முகடு அது. வெட்டு மட்டும் 0.2 நானோ செக்கன் கழித்தே அங்கே வந்துசேரும்.