வெள்ளைக்கு அடியில ஒரு பச்சை

பொங்கலுக்கு ஆழ்வார்திருநகரிக்குப் போனப்போ வீட்ல ஒரு பஞ்சாயத்து ஓடிட்டிருந்தது. பஞ்சாயத்துக்குக் காரணம் தாத்தாவோட அம்பாசடர். 1972-ல வாங்கின மார்க் டூ. தாத்தா போய் பத்து வருசத்துக்கு மேல ஆச்சு, வண்டி மட்டும் மாட்டுத்தொழுவத்துல சாக்கு போர்த்தி நிக்குது. பெரியப்பா அதுக்குப் புதுசா பெயிண்ட் அடிக்கணும்ங்கிறார். நான் அடிக்கவே கூடாதுங்கிறேன்.

வண்டியப் பார்த்தா பெரியப்பா பக்கம்தான் நியாயம் இருக்கிற மாதிரி தெரியும். வெள்ளை, வெள்ளையா இல்ல. பழைய வேட்டி கலர். பானெட் விளிம்புல தகரம் பளபளங்குது. டிக்கி மூடியில வாழைத்தார் ஏத்தி இறக்கின கீறல். டிரைவர் பக்கக் கண்ணாடிக்குக் கீழ ஒரு சாண் நீளத்துக்கு பெயிண்ட்டே கிடையாது. தாத்தா முழங்கைய வெச்சுக்கிட்டே ஓட்டின இடம் அது. நாற்பது வருச முழங்கை மக்கா, அத உப்புத்தாள் போட்டுத் தேச்சு அழிக்கணுமாம்!

"ஏல, சாயம் போன சட்டையப் போட்டுக்கிட்டு நீ ஆபீஸ் போவியா?" ன்னார் பெரியப்பா. இப்பல்லாம் ஐடி கம்பெனில அதுக்குத்தான் காசு ஜாஸ்தி பெரியப்பான்னு சொல்ல வாய் வந்துச்சு, அடக்கிட்டேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். கார் பெயிண்ட்டுக்குன்னே ஒரு சரித்திரம் இருக்கு. 1920கள் வரைக்கும் காருக்கு வண்ணம் பூசறதுன்னா குதிரை வண்டிக்குப் பூசற அதே முறைதான். எண்ணெய் வார்னிஷ், பிரஷ், கோட்டு மேல கோட்டு. ஒரு கார் காய்ஞ்சு வெளிய வர வாரக்கணக்கு ஆகும். ஃபோர்டு மாடல் டி ரொம்ப வருசம் கறுப்புல மட்டுமே வந்ததுக்கு இந்தத் தலைவலியும் ஒரு காரணம். அப்புறம் டூபாண்ட் கம்பெனி நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரக் கொண்டு வந்தாங்க. வெடிமருந்துக்கும் பழைய சினிமா ஃபிலிமுக்கும் சொந்தக்காரப் பய இவன். ஸ்ப்ரே பண்ணலாம், சில மணி நேரத்துல காயும். 1923-ல ஜெனரல் மோட்டார்ஸ் அத ஓக்லேண்ட் கார்ல நீலக் கலர்ல அடிச்சு இறக்கினாங்க. அதோட பேர் டூகோ. நம்மூர்ல கட்டில் பீரோவுக்கு ஸ்ப்ரே அடிக்கிறவர் இன்னிக்கும் 'டூகோ பெயிண்ட்' ன்னு சொல்றாரே, அதே டூகோதான். நூறு வருசமா அந்தப் பேர் தச்சுப்பட்டறையில உயிரோட இருக்கு.

இந்த லேக்கருக்கு ஒரு குணம் உண்டு. மின்னணும்னா தேய்க்கணும், ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் கொஞ்சம் பெயிண்ட் துணியோட போகும். அதனால பழைய வண்டிகள்ல எந்த இடம் முதல்ல வெளுக்குதோ, அங்கதான் மனுசக் கை அதிகம் பட்டிருக்குன்னு அர்த்தம்.

வெளிநாட்டுல இதுக்கு எப்பேர்ப்பட்ட மவுசுன்னு பாருங்க. சுவிட்சர்லாந்துல மாஜோரே ஏரிக்குள்ள எழுபது வருசத்துக்கு மேல கிடந்த புகாட்டி ஒண்ண 2009-ல தூக்கினாங்க. ஒரு பக்கம் மொத்தமா அரிச்சுப் போச்சு. 2010-ல பாரிஸ் ஏலத்துல 2,60,500 யூரோவுக்குப் போச்சு, வாங்கினவங்க அதத் திருத்தாம அப்படியே காட்சிக்கு வெச்சாங்க. அப்புறம் மேற்கு பிரான்ஸ்ல ரோஜே பையோன்ங்கிறவரோட பண்ணையில கிடந்த கார்கள். அதுல ஒரு ஃபெராரி கலிஃபோர்னியா ஸ்பைடர், மேல பழைய பத்திரிகைக் கட்டு அடுக்கி வெச்சிருந்தது. 2015 பிப்ரவரியில தூசியக்கூடத் தட்டாம ஏலம் விட்டாங்க, 1.6 கோடி யூரோவுக்கு மேல.

எங்க வண்டிய அப்படி எவனும் வாங்க மாட்டான்னு எனக்கும் தெரியும். அம்பாசடரே மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டோட அச்சு. 1950களின் கடைசியில ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கல்கத்தா பக்கத்துல உத்தர்பாராவுல போட ஆரம்பிச்சு, 2014 மே மாசம் நிறுத்தினாங்க. 2017-ல அந்தப் பேர மட்டும் பியூஜோவுக்கு 80 கோடிக்கு வித்தாச்சு.

ஆனா பெரியப்பாவ மடக்க எங்கிட்ட ஒரு சட்டம் இருந்தது :-) 2021 ஜூலையில மத்திய அரசு கொண்டு வந்த விண்டேஜ் வாகன விதி. 50 வயசு தாண்டின, மூல வடிவத்துலயே இருக்கிற, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்குத் தனிப் பதிவு, நம்பர்ல 'விஏ' ன்னு வரும். "மூல வடிவம் பெரியப்பா, கவர்மெண்டே சொல்லியாச்சு" ன்னேன். அவர் நிதானமா நான் காட்டின பேப்பரப் படிச்சார். "சேஸிஸ், பாடி, எஞ்சினத்தான்ல மாத்தக் கூடாதுங்கான். பெயிண்ட்ட எங்கல சொல்லுதான்?" கரெக்ட். எஞ்சினியரிங் டிகிரிய வெச்சுக்கிட்டு விதிய முழுசாப் படிக்காதது என் தப்பு.

அடுத்த ஆயுதமா திருப்புடைமருதூர எடுத்தேன். வீரவநல்லூர் பக்கம் தாமிரபரணிக் கரையில இருக்கிற நறும்பூநாதர் கோயில். போகாதவங்க ஒரு தடவை போய்ட்டு வந்துருங்க. அஞ்சு நிலைக் கோபுரத்துக்கு உள்ளே சுவர் பூரா ஓவியம், மரத்துல செதுக்கின சிற்பங்கள். காவிச் சிவப்பு, மஞ்சள், கறுப்புக் கோடு. புராணக் கதைகளுக்கு நடுவுல கப்பல்ல குதிரை கொண்டு வர்ற அரேபிய வியாபாரிங்க. ஒரு போர்க் காட்சி இருக்கு; 1532-ல அச்சுததேவராயர் படைக்கும் திருவிதாங்கூர் மன்னனுக்கும் நடந்த தாமிரபரணிப் போர் அதுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. அங்கங்க உதிர்ந்திருக்கு, மங்கியிருக்கு. ஆனா ஒரு குதிரையோட கண்ணு மட்டும் அப்படியே இருக்கும், சுத்தி ஒண்ணும் இருக்காது. அந்தக் கண்ணுக்கு முன்னாடி கால் மணி நேரம் நின்னிருக்கேன்.

"அதுல போய் எவனாவது எனாமல் பெயிண்ட் அடிச்சா சும்மா இருப்பீங்களா?"

பெரியப்பா கொஞ்சம் யோசிச்சார். அவர் சொன்னது லேசுல தள்ற விசயம் இல்ல. "அது சுவத்துல இருக்க படம்ல. நம்ம கோயில் கோபுரத்துக்குப் பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்கா வர்ணம் அடிக்காவளா இல்லியா? வைகாசியில ஒம்பது கருட சேவைக்கு வாகனம் மங்கிப் போய் வந்தா உனக்கு மனசு ஒப்புமா? ஓடுத வண்டிக்கு ஒரு நியாயம், நிக்குத வண்டிக்கு ஒரு நியாயம். உங்க தாத்தா வண்டி ஓடணும்."

இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. கோயில்ல திருப்பணிங்கிற பேர்ல மணல் வீசிக் கல்வெட்டத் தேய்ச்சதத் திட்ட நமக்கு வாய் இருக்கு. ஆனா கும்புடுற இடத்த மியூசியமா ஆக்கச் சொல்றதும் சரியில்ல. துருவும் எனக்கு எதிரி. பெயிண்ட் போன தகரத்த எங்க ஊர் ஈரக் காத்து சும்மா விடாது.

ஸ்ரீவைகுண்டத்துல இருந்து டிங்கரிங் அண்ணாச்சி ஒருத்தர் பார்க்க வந்தார். கதவு இடுக்குல நகத்தால சுரண்டினார், அப்புறம் துண்டு உப்புத்தாளால நாலு இழுப்பு. வெள்ளைக்கு அடியில பச்சை. வேப்பங்கொழுந்து மாதிரி ஒரு இளம்பச்சை.

"தம்பி, இது கம்பெனி பெயிண்ட் இல்லையே. வெள்ளை பெறவு அடிச்சது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பெரியப்பாவுக்கு அப்பதான் ஞாபகம் வந்தது. 1984-ல அத்தை கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி பளிச்சுன்னு இருக்கணும்னு தாத்தாவே வெள்ளை அடிச்சாராம். நான் மூணு நாளா 'ஒரிஜினல்' 'ஒரிஜினல்' னு கத்தினது ரெண்டாவது கோட்டுக்கு!

தஞ்சாவூர்ப் பெரிய கோயில்ல நடந்தது இதேதான். 1931-ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே.கோவிந்தசாமி, கருவறையச் சுத்தின இருட்டு நடையில நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில சோழர் ஓவியம் இருக்கிறதக் கண்டுபிடிச்சார். சுந்தரர் யானை மேல கயிலைக்குப் போற காட்சியெல்லாம் அந்த அடி அடுக்குதான். இப்ப எத வெச்சுக்கிறது? நாயக்கர் அடுக்கும் சரித்திரம்தான். தொல்லியல் துறை மேல் அடுக்க உடையாமப் பிரிச்செடுத்து ஃபைபர் கிளாஸ் பலகையில ஒட்டி, ரெண்டையும் காப்பாத்தினாங்க. எங்க அம்பாசடருக்கு அந்த வசதி கிடையாது. பச்சை வேணும்னா வெள்ளை போகணும், வெள்ளையோட தாத்தா முழங்கையும் போகும்.

இத்தாலியில செசாரே பிராண்டின்னு ஒருத்தர். ரோம்ல 1939-ல ஆரம்பிச்ச சீரமைப்பு நிறுவனத்தோட தலைவர். ஓவியத்துல உதிர்ந்த இடத்த மெல்லிய செங்குத்துக் கோடுகளால நிரப்பற முறை அவரோடது. தூரத்துல இருந்து பார்த்தா படம் முழுசாத் தெரியும், கிட்டப் போனா எது பழசு எது புதுசுன்னு கோடு காட்டிக் குடுத்துரும். பார்க்கிறவன ஏமாத்தக் கூடாதுங்கிறதுதான் கணக்கு. இத டிங்கரிங் அண்ணாச்சிகிட்ட சொன்னேன். ஒரு மாதிரியாப் பார்த்தார். "கோடு கோடாவா? பட்டி பாக்காம அடிச்சிருக்கான்னு என்னைத்தான் தம்பி ஏசுவாவ."

கடைசியில பேசி முடிச்சது இதுதான். அடிப்பக்கமும், துரு ஏறின ஃபுட்போர்டும், ஓட்டை விழ இருந்த கூரை ஓரமும் சுரண்டி பிரைமர் போட்டு வெள்ளை. அந்தப் புது வெள்ளைய பழைய வேட்டி வெள்ளையோட கலந்துறாம ஒரு நிழல் தூக்கலாவே விடச் சொல்லிட்டேன், கிட்டப் பார்த்தா தெரியும். மத்த இடம் தொடலை, மெழுகு மட்டும். கதவு இடுக்குல சுரண்டின பச்சை, உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே இருக்கு; அதுக்கும் முழங்கை இடத்துக்கும் மேல வெறும் கிளியர் லேக்கர்.

வண்டி மாசியில ஸ்டார்ட் ஆச்சு. பெரியப்பா முதல் ட்ரிப் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வரைக்கும் ஓட்டினார். கண்ணாடிய இறக்கி, முழங்கைய அதே இடத்துல வெச்சுக்கிட்டுத்தான். விஏ நம்பருக்கு விண்ணப்பம் போட்டிருக்கோம். பாரத்துல நிறம்னு ஒரு கட்டம் இருந்தா என்ன எழுதறதுன்னு அடுத்த பஞ்சாயத்து இப்ப ஓடிட்டிருக்கு.