பழைய றெஜிபோமை ஏன் யாரும் எடுப்பதில்லை?

கடந்த வருடம் வீட்டுக்குச் சலவை இயந்திரம் ஒன்று வாங்கினோம். சில நாட்களில் பழைய இரும்பு, போத்தல் சேர்க்க ஓட்டோவில் வரும் ஐயா, அது வந்த மட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டார். மூலைகளுக்கு வைத்திருந்த வெள்ளை றெஜிபோம் துண்டுகளைக் காட்டியபோது கையை விரித்தார். “இதுக்கு நிறை இல்லைத் தம்பி. ஓட்டோ நிறைய அடைஞ்சாலும் பத்துக் கிலோ வராது” என்றார்.

அவர் சொன்னது வியாபாரக் கணக்கு. றெஜிபோம் எப்படிச் செய்யப்படுகிறது என்று தேடிப் படித்தபோது, அதன் பயனும் அதனால் வரும் தொல்லையும் அந்தக் கணக்கிலேயே இருப்பது புரிந்தது.

மணியிலிருந்து பெட்டி வரை

றெஜிபோம் என்று நாம் அழைப்பது நுரைக்கப்பட்ட பொலிஸ்டைரின். தொழிற்சாலைக்கு அது சீனியைப் போன்ற சிறு மணிகளாகவே வருகிறது. ஒவ்வொரு மணிக்குள்ளும் பென்டேன் என்ற, எளிதில் ஆவியாகும் திரவம் சிறிதளவு அடைக்கப்பட்டிருக்கும்.

முதற்கட்டத்தில் மணிகள் மீது நீராவி செலுத்தப்படுகிறது. சுமார் 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பிளாஸ்டிக் இளகும், உள்ளே உள்ள பென்டேன் ஆவியாகி விரியும். மணி பொரியைப் போல ஊதி, 40 மடங்குக்கும் அதிகமாகப் பெருக்கக்கூடும்.

ஊதிய மணிகளை உடனே அச்சில் இட முடியாது. ஆறும்போது உள்ளே அழுத்தம் குறைவதால் அவை நசுங்கக்கூடியவையாக இருக்கும். எனவே பல மணி நேரம் பெரிய துணிக் கலன்களில் விடப்படுகின்றன. வெளிக்காற்று மெல்ல உள்ளே புகுந்து அவற்றை உறுதியாக்குகிறது.

அடுத்ததாக அவை மூடிய அலுமினிய அச்சுக்குள் நிரப்பப்பட்டு, மறுபடியும் நீராவி விடப்படுகிறது. இம்முறை விரிய இடமில்லை. ஒன்றையொன்று நெருக்கும் மணிகளின் மேற்பரப்பு உருகி ஒட்டிக்கொள்கிறது. பசை எதுவும் சேர்ப்பதில்லை. பின் அச்சைக் குளிரவைத்துப் பொருளை வெளியே எடுப்பார்கள். போதுமான அளவு குளிராவிட்டால் வெளியே வந்த பின்பும் அது ஊதி, வடிவம் கெட்டுவிடும்.

வீட்டில் கிடக்கும் ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். தேன்கூடு போல நெருங்கிய மணிகள் தெரியும். மேற்பரப்பில் உள்ள சிறு வட்டத் தழும்புகள், அச்சில் நீராவி நுழைந்த துளைகளின் அடையாளங்கள்.

ஜேர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபிரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி உருவாக்கிய இந்த முறை, 1950களின் தொடக்கத்தில் ‘ஸ்டைரோபோர்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது.

தடைக்கு உட்பட்டதும் உட்படாததும்

2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த தடைகளில் றெஜிபோம் உணவுப் பெட்டிகளும் அடங்கின. நாம் சோறு கட்டி வந்த அந்த மெல்லிய பெட்டி, உண்மையில் பெரும்பாலும் வேறு முறையில் செய்யப்படுவது. உருகிய பொலிஸ்டைரினுக்குள் வாயுவைச் செலுத்தித் தாளாக இழுத்து, அதைச் சூடாக்கி வடிவத்துக்கு அழுத்துவார்கள். தடிப்பான மீன் பெட்டியே மணிகளை அச்சிலிட்டுச் செய்வது.

மீன் பெட்டி இன்றும் புழக்கத்தில் உள்ளது. வடக்கிலிருந்து கொழும்புக்குப் போகும் மீனையும் இறாலையும் ஐஸுடன் இரவு முழுவதும் காப்பது அதுதான். ஒரு கன மீற்றர் திண்மப் பொலிஸ்டைரின் 1,000 கிலோவுக்கு மேல் நிறுக்கும். அதே அளவு றெஜிபோம் 20 கிலோ அளவில்தான் இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்று. சிறு அறைகளில் அசையாமல் அடைபட்டிருக்கும் அந்தக் காற்றே வெப்பம் உள்ளே போகாமல் தடுக்கிறது. இதே விலைக்கு, இதே நிறையில் மாற்றுப் பெட்டி ஒன்றைக் காட்டாமல் மீனவரிடமும் வியாபாரியிடமும் இதை விடச் சொல்வது நியாயமல்ல.

ஆனால் பெட்டி உடைந்த பின் அதே காற்றுதான் இடைஞ்சலாகிறது. லொறி நிறைய ஏற்றினாலும் எரிபொருள் செலவுக்குக் கூடக் காணாது. அதனால் அது கரையிலேயே கிடக்கிறது. வெயிலிலும் அலையிலும் மறுபடியும் மணி மணியாக உதிர்கிறது. உதிர்ந்த பின் பொறுக்க முடியாது.

சிலர் குவித்து எரிக்கிறார்கள். கரும்புகையுடன் ஸ்டைரினும் வெளியேறும். அதைச் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2018இல் மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது.

காற்றை வெளியேற்றுதல்

வெப்பத்தால் ஊதிய பொருளை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மறுபடியும் சுருக்கலாம். காற்று வெளியேறியதும் எஞ்சுவது கனமான பிளாஸ்டிக் கட்டி. அதற்கு விலை உண்டு. படச்சட்டங்கள் போன்றவை அதிலிருந்து செய்யப்படுகின்றன. டோக்கியோவின் பழைய சுகிஜி மீன் சந்தையில், பெட்டிகளைச் சந்தை வளாகத்திலேயே உருக்கிக் கட்டிகளாக்கினார்கள்.

இதில் முக்கியமானது இடம். சுருக்கும் இயந்திரம் தூரத்து நகரில் இருந்தால், அங்கே காற்றை ஏற்றிச் செல்ல வேண்டும். சந்தைக்கு அருகில் இருந்தால் கட்டியை மட்டும் ஏற்றினால் போதும். மீன் பெட்டிகளைச் சுருக்குவதற்கு முன் கழுவவும் வேண்டும். அதற்குத் தண்ணீரும் ஆளும் தேவை. இவை தனி வியாபாரி ஒருவரால் ஆகக்கூடியவை அல்ல. சந்தையை நிர்வகிக்கும் உள்ளூராட்சி மன்றமும் கடற்றொழிலாளர் சங்கங்களும் சேர்ந்தால் ஆகும். உணவுப் பெட்டிக்குத் தடை போதுமானதாக இருந்திருக்கலாம். மீன் பெட்டிக்கு இப்படி ஒரு ஏற்பாடு வேண்டும்.

எங்கள் வீட்டுத் துண்டுகள் இன்னும் பின்பக்கக் கொட்டிலில்தான் இருக்கின்றன. எரிக்க மனமில்லை, கொடுக்க இடமில்லை. அந்த ஐயா மாதம் ஒருமுறை வருகிறார். யாராவது கிலோவுக்கு ஒரு விலை சொல்லும் நாளில், அவர் அதையும் ஓட்டோவில் ஏற்றிக்கொள்வார்.