கணக்கில் வராத கேசட்டுகள்

வீடியோ கேம் கன்சோல்களைத் தலைமுறைகளாகப் பிரித்து, எந்தத் தலைமுறையின் விளையாட்டுத் தொகுப்பு பெரிது, எது சிறந்தது என்று ஒப்பிடுவது அந்தத் துறை வரலாற்றாசிரியர்களின் வழக்கம். 1983இல் ஜப்பானில் வெளியான நிண்டெண்டோவின் ஃபாமிகாம் மூன்றாம் தலைமுறை. 1994இன் பிளேஸ்டேஷன் ஐந்தாவது. 2000இன் பிளேஸ்டேஷன் 2 ஆறாவது. உரிமம் பெற்று வெளியானவை மட்டுமே எண்ணப்படுகின்றன. தொகுப்பது எப்போதும் அதிகாரம் சார்ந்த செயல்தான். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்று பெயர் இருக்கிறது. அவர் விட்டுவிட்ட பாடல்களுக்கு எண்கூடக் கிடையாது. அப்படியானால் இந்தக் கணக்கில் கோரிமேடு எங்கே?

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் தெருவில் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று சொல்தா வீட்டில். பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் குடும்பத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம். பிரான்சிலிருந்து வந்த பிள்ளை கொண்டுவந்த அசல் நிண்டெண்டோ. படமே வரல. அங்கே விற்கும் டிவிகளில் பெரித்தெல் என்ற அகலமான இணைப்பு எண்பதுகளின் தொடக்கத்திலேயே கட்டாயமாக்கப்பட்டது. அந்நாட்டுக்கென்று செய்த கருவி அதை நம்பியே செய்யப்பட்டது. நம்ம டிவியில் அந்த ஓட்டையே கிடையாது. அசல், ஷோகேஸில் பொம்மையாக உட்கார்ந்துவிட்டது.

இன்னொன்று எங்கள் வீட்டில், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அப்பா வாங்கியது. ஃபாமிகாமைப் பார்த்துச் செய்த நகல். மஞ்சள் கேசட், மேலே 9999 விளையாட்டுகள் என்று அச்சு. சொல்தா வீட்டுக் கேசட்டில் 72 தொடுமுனைகள், எங்களுடையதில் 60. ஒன்று மற்றதில் நுழையாது. ஓடியது நகல்தான்.

9999 என்பது பொய். சில பத்து விளையாட்டுகளே பெயர் மாறி, கட்டம் மாறித் திரும்பத் திரும்ப வரும். எந்த எண்ணில் மரியோ, எந்த எண்ணில் கான்ட்ரா என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தோம். நாங்கள் 'டாங்க்' என்று ஆடியது, நாம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட 'பேட்டில் சிட்டி' என்பது பின்னால்தான் தெரிந்தது. பார்த் அறிவித்த ஆசிரியனின் மரணத்தை எம்.ஏ.வில் படிப்பதற்கு முன்பே எங்களுக்கு ஆசிரியனும் இல்லை, தலைப்பும் இல்லை.

பிளேஸ்டேஷன் 2 காலத்தில் கேசட் போய் டிஸ்க் வந்தது, நகல் தொடர்ந்தது. அப்போதுதான் 'இந்தியா'வும் அதிகாரபூர்வப் பட்டியலில் ஏறியது. ஹைதராபாத்தில் தயாரான 'அனுமன்: பாய் வாரியர்', கபடி, கிட்டிப்புள் போன்றவற்றைக் கொண்ட 'தேசி அட்டா' இரண்டும் 2009இல் வந்தன. புராண வீரனும் கிராமத்து ஆட்டமும்: சந்தைக்குத் தெரிந்த இந்தியா அவ்வளவுதான்.

2023இல் டொராண்டோவிலிருந்து 'வெண்பா' வந்தது. கனடாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழ்த்தாய், கிழிந்துபோன சமையல் நோட்டு. அழிந்த வரிகளை ஆடுபவர் ஊகித்து இட்லி வேகவைக்க வேண்டும். இதைப் பெரும்பாலோர் வாங்கியது தரவிறக்கமாக. அதே ஆண்டு மார்ச்சில்தான் நிண்டெண்டோ தன் பழைய இரு கருவிகளுக்கான இணையக் கடையை மூடியது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்கிறது 2023இன் ஓர் ஆய்வு. அவற்றில் பலவற்றை இன்று ஆட முடிகிறதென்றால் அது அனுமதியில்லாமல் நகலெடுத்தவர்களால்தான். தலைமுறை தோறும் தொகுப்பு பெருகுகிறது. கைமாற்றித் தரும் உரிமை சுருங்குகிறது. கேசட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். தரவிறக்கியதை எப்படிக் கொடுப்பது?

இதை எழுதிவிட்டு எங்கள் மாற்று வரலாற்றைக் கொண்டாடி முடித்துவிட முடியவில்லை. அந்த நோட்டை எழுதியது என் அக்கா, கையெழுத்து நல்லா இருக்கும் என்பதால். ஜாய்ஸ்டிக் அவள் கைக்குப் போனது, நாங்கள் பையன்கள் எல்லோரும் தோற்று முடித்த பிறகுதான். நோட்டு எப்போதோ பழைய பேப்பரோடு போய்விட்டது. சென்ற மாதம் கேட்டேன். டாங்க் எந்தெந்த எண்ணில் வரும் என்று அக்கா யோசிக்காமல் சொல்கிறாள். எழுதிக்கொண்டிருக்கிறேன்.