உருவம் பழையது, உயிர் புதியது

கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையின் இடைவழியில் அமைந்த நகரம் ஷா ஆலாம். 1960ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், அயல்நாட்டு ஊர்திகளை உதிரிப்பாகங்களாகத் தருவித்து உள்நாட்டிலேயே பொருத்தும் தொழிலை மலேசிய அரசு ஊக்குவித்தது. அதன் பயனாக 1968இல் சாம்பியன் மோட்டார்ஸ் என்னும் தொழிற்சாலை அங்கு இயங்கத் தொடங்கிற்று. அங்குப் பொருத்தப்பட்ட ஊர்திகளுள் ஜெர்மனி நாட்டு வோக்ஸ்வாகன் நிறுவனத்தின் ஊர்திகளும் இடம்பெற்றிருந்தன. 'வோக்ஸ்வாகன்' என்னும் சொல்லுக்கு 'மக்கள் ஊர்தி' என்பது பொருள். அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற வேன், மின் ஊர்தியாக மறுபிறப்பு எடுத்திருக்கும் இந்நாளில், அப்பெயரின் பொருளும் உடன் மீண்டதா என்று ஆராய்தல் தகும்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் வோல்ஃப்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலை பிரித்தானிய இராணுவத்தின் மேற்பார்வையில் இருந்தது. அங்கு வந்த பென் பொன் என்னும் டச்சு வணிகர், தொழிலாளர்கள் உதிரிப்பாகங்களை ஏற்றிச் செல்லத் தாமே அமைத்துக்கொண்ட தட்டைவண்டி ஒன்றைக் கண்டார். சிற்றுந்தின் உறுப்புகளைக் கொண்டே சுமை ஊர்தி ஒன்றையும் ஆக்கலாம் என்னும் எண்ணம் அவருள்ளத்தில் எழுந்தது. 1947 ஏப்ரல் 23ஆம் நாள் தம் குறிப்பேட்டில் அவர் வரைந்த எளிய கோட்டோவியமே இவ்வேனுக்கு வித்தாயிற்று. 1950 மார்ச் மாதம் உற்பத்தி தொடங்கியது. பெட்டி போன்ற உடல், பின்புறத்தில் காற்றால் குளிரும் இயந்திரம், 25 குதிரைத்திறன் ஆகியவையே அதன் முதலீடு. ஆயினும் முக்கால் டன் அளவுச் சுமையை அது தாங்கிற்று. ரொட்டி விற்பவர், கைவினைஞர், அஞ்சல் ஊழியர் எனப் பாடுபட்டு உண்பவர் பலருக்கும் அது துணையாயிற்று. பின்னர் அமெரிக்க இளைஞர்கள் அதனை விடுதலை உணர்வின் சின்னமாகக் கொண்டாடினர். எனினும் அதன் முதற்பெருமை உழைப்பாளியின் வண்டி என்பதே.

இவ்வேனை மின்சாரத்தால் இயக்கும் முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. உலகை உலுக்கிய எண்ணெய் நெருக்கடிக்கு ஓராண்டு முன்னரே, 1972இல், அந்நிறுவனம் மின் வேன் ஒன்றைச் செய்து காட்டியது. ஈய மின்கலத்தின் எடை மட்டும் ஏறத்தாழ 850 கிலோகிராம். வண்டி மணிக்கு 75 கிலோமீட்டர் விரைவில் ஓடியது. ஒருமுறை மின்னேற்றினால் 85 கிலோமீட்டர் அளவே சென்றது. கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் சென்று திரும்பியபின் மிச்சம் மிகக் குறைவே. சுமை தூக்கப் பிறந்த வண்டி தன் மின்கலத்தையே சுமந்து களைத்தது எனலாம். எண்ணத்தில் பிழையில்லை, அதனைத் தாங்கும் கருவி அக்காலத்தில் இல்லை. எடை குறைந்த லித்தியம் அயனி மின்கலம் 1991இல் விற்பனைக்கு வந்த பின்னரே அக்குறை தீரும் வழி பிறந்தது.

இதற்கிடையே பழைய வேனின் ஆயுள் முடிவை நெருங்கிற்று. அதன் இறுதித் தாயகமாக விளங்கிய பிரேசிலில், காற்றுப்பையும் தடைப்பூட்டுத் தடுப்புக் கருவியும் கட்டாயமாக்கப்பட்டன. அவ்விதிக்கு ஈடுகொடுக்க இயலாமையால் 2013ஆம் ஆண்டின் இறுதியில் உற்பத்தி நின்றது. ஆனால் அதன் நினைவு நிற்கவில்லை. 2001, 2011, 2017 ஆகிய ஆண்டுகளில் அவ்வுருவத்தைத் தழுவிய மாதிரி வண்டிகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2020இல், 1966ஆம் ஆண்டு வேன் ஒன்றின் இயந்திரத்தை அகற்றி மின்பொறி பொருத்தினர். 44 குதிரைத்திறன் 83 ஆக உயர்ந்தது. 2022இல் ஐடி பஸ் என்னும் முற்றிலும் புதிய மின் வேன் வெளிவந்தது. தளத்தின் அடியில் மின்கலம், பழைய வேனைப் போலவே பின்புறத்தில் பொறி, 204 குதிரைத்திறன், ஒரே மின்னேற்றத்தில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ஐம்பது ஆண்டுகட்கு முன் தோற்ற முயற்சி இவ்வாறு வெற்றி கண்டது.

ஆயினும் வெற்றி முழுமையானதா? 2024இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது அதன் தொடக்க விலை ஏறத்தாழ 60,000 டாலர். ரொட்டிக்காரரின் வண்டி செல்வர் வீட்டு முற்றத்துக்குக் குடிபெயர்ந்தது. மலேசியாவிலும் நிலைமை வேறன்று. அரசு 2022 முதல் 2025 இறுதிவரை இறக்குமதி மின் ஊர்திகளுக்கு வரிவிலக்கு அளித்தது. எனினும் உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் பொருட்டு, ஒரு இலட்சம் ரிங்கிட்டுக்குக் குறைந்த விலையில் அவற்றை விற்கலாகாது என்றும் விதித்தது. அவ்விதி நியாயமுடையதே, ஆனால் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுநர் அவ்விலைக்கு எங்ஙனம் எட்டுவார்? மற்றொன்றும் நோக்கத்தக்கது. கிள்ளானை அடுத்த காப்பாரில் உள்ள பெரிய மின்நிலையம் பெரிதும் நிலக்கரியை எரித்தே மின்னாற்றல் தருகிறது. வண்டியில் புகை இல்லை. ஆனால் புகை இடம்பெயர்ந்திருக்கிறதேயன்றி மறைந்துவிடவில்லை.

பழமையை மீட்டல் என்பது அதன் புறவடிவை மட்டும் மீட்டலன்று. வேனின் வளைந்த முகமும் இருநிற வண்ணமும் மீண்டுவிட்டன. உழைப்பவன் கைக்கு எட்டும் விலையும், தூய வழியில் பிறக்கும் மின்சாரமும் அவற்றோடு சேரும் நாளிலேயே 'மக்கள் ஊர்தி' என்னும் பெயர் மீண்டும் மெய்யாகும். கிள்ளான் பள்ளத்தாக்கில் விடியுமுன்னே பிள்ளைகளையும் தொழிலாளரையும் ஏற்றிக்கொண்டு புறப்படும் வேன்கள் அந்நாளை எதிர்நோக்கி நிற்கின்றன.